ஆக்னஸ் டி சில்வா அம்மையாருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களின் வழிவந்த ஒருத்தி எழுதுகிறேன். கண்டியில் வாழ்ந்த பறங்கியர் சமூகப் பெண்ணான உங்கள் பெயரை எங்கள் அம்மாச்சிமார் கேள்விப்பட்டிருப்பார்களோ என்னவோ! ஆனாலும் அவர்கள் சார்பிலும் சொல்ல வேண்டிய நன்றி இது.

அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த 1927ஆம் ஆண்டில்தான் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் பிறந்தது. அதன் செயலாளராக நீங்கள் சாட்சி சொல்லப் போனீர்கள். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றீர்கள்.

எங்களைக் கைவிட்டிருந்தால் உங்கள் கோரிக்கைக்கு எதிர்ப்புக் குறைந்திருக்கும். படித்த, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் பெரியவர்கள் பலர் தலையாட்டியிருப்பார்கள். மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி கண்ட சேர் பொன்னம்பலம் இராமநாதனே சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்ற காலம் அது. பெண்களுக்கு முப்பது வயது என்று ஆணைக்குழு வைத்த எல்லை, 1931 தேர்தலுக்குள் இருபத்தொன்றாகக் குறைந்தது. பிரான்சுப் பெண்கள் 1944வரை காத்திருந்த உரிமை இலங்கைப் பெண்களுக்கு அப்போதே கிடைத்தது.

எங்கள் மக்களுக்கு மட்டும் அது நிபந்தனைகளோடு வந்தது. பிறகு 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்க, மறு ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பறித்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழிவிட 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

பறிபோன உரிமைக்கு எதற்கு நன்றி என்று சிலர் கேட்கலாம். எங்கள் பெயர்களை வெட்டியவர்கள் பூட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று பார்த்தார்கள். நீங்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதற்குத்தான் நன்றி.

2024 பொதுத்தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். அன்று ஆணைக்குழுவின் முன் எங்களைப் பற்றிய கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். இனி வேறு யாரையோ சுட்டி, ‘இவர்களுக்குமா?’ என்று எங்களிடம் கேட்பார்கள். அப்போது நாங்கள் கணக்குப் பார்க்காமல் ‘ஆம்’ என்றால்தான் உங்களுக்குப் பட்ட கடன் தீரும்.

நன்றியுடன்,
ஒரு மலையகப் பெண்