இல்லமே பணியிடமானால் எந்நூல் துணை?

கல்வி கற்று முடித்தோர் பணி நாடி ஊர்விட்டு ஊர் செல்வதே நாம் கண்டு பழகிய வழக்கம். பணியே பணியாளரைத் தேடி வீட்டுக்கு வந்தமை அண்மைக் காலத்துப் புதுமை. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, கணினித் துறையினர் பெருந்தொகையினர் தத்தம் இல்லத்திலிருந்தே பணியாற்றத் தலைப்பட்டனர். தொற்று தணிந்த பின்னரும் அம்முறை முற்றும் மறைந்துவிடவில்லை. நம்மிடம் பயின்று இன்று அவ்வாறு பணிபுரியும் மாணவ மணிகள் சிலர், "வீட்டிலேயே இருக்கிறோம் ஐயா; என்ன படிக்கலாம்?" என வினவுகின்றனர். அவ்வினாவுக்கு நம்மால் இயன்ற விடையே இக்கட்டுரை.

நேரத்தைச் சேமிப்பது எப்படி, உழைப்பைப் பெருக்குவது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் கடைதோறும் கிடைக்கின்றன. அவற்றை நாம் பரிந்துரைக்கப் போவதில்லை. வீட்டில் பணிபுரிவோருக்கு முதற்கண் வேண்டுவது வேகமன்று. தம் வீட்டைக் காணும் கண். ஊரடங்குக் காலத்தில் நாமும் இல்லத்திலிருந்தே இணையவழி வகுப்பெடுத்தோம். அவ்வேளைகளில் அடுக்களையில் பாத்திர ஓசை எழாது. பிள்ளைகள் குரல் தாழ்த்திப் பேசுவர். அவ்வமைதி தானே வந்ததன்று; இல்லத்தரசியார் ஈந்தது. மேலும், வீட்டிலிருந்து பொருளீட்டுதல் நம் மகளிர்க்குப் புதியதுமன்று. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் தாய்மாரும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரியரும் காலங்காலமாகச் செய்து வருவது அதுவேயன்றோ? அவர்கள் பொருட்டு எவரும் குரல் தாழ்த்தியதில்லை. இவ்வேறுபாட்டை உணர்த்தும் நூல்களே இன்றைய தேவை என்பது நம் கருத்து.

முதலில் இப்னு கல்தூனின் 'முகத்திமா'. அரசவைகளில் பதவியும் கண்டு, சிறையும் கண்ட அப்பேரறிஞர், 1375ஆம் ஆண்டில் அரசியலினின்றும் ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் குடும்பத்தோடு தங்கினார். வரலாற்றுக்கு விதி வகுத்த அந்நூலை, 1377இல் ஐந்தே திங்களில் அங்கு எழுதி முடித்ததாக அவரே குறிப்பிடுகின்றார். தனிமையின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. ஆயின், மேற்கொண்டு வரலாற்றை விரித்தெழுத நினைவு மட்டும் போதாமையால், நூலகங்களை நாடி 1378இல் அவர் தூனிஸ் நகர்க்குப் புறப்பட்டார். தனிமை கருத்தைப் பிறப்பிக்கும். அதனைச் சரிபார்க்க நூல்களும் மனிதரும் வேண்டும். அறைக்குள்ளேயே ஆண்டுகளைக் கழிப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இது.

அடுத்தது, ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட 'தனக்கென ஓர் அறை' என்னும் பொருள்படும் நூல். 1928இல் கேம்பிரிட்ஜ் மகளிர் கல்லூரிகளில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவானது அது. பெண்ணொருத்தி புனைவிலக்கியம் படைக்க வேண்டுமாயின், ஆண்டுக்கு 500 பவுன் வருவாயும் தாழிடக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்பது அவர் துணிபு. அறிவுக்கும் அறைக்கும் உள்ள தொடர்பை இத்துணை வெளிப்படையாகக் கூறியோர் சிலரே. தனியறை வாய்த்திருக்கும் ஆடவர் ஒவ்வொருவரும் இதனைப் படித்தல் நலம். தம் வீட்டில் அத்தகைய அறை இன்னும் எவர்க்கு வேண்டும் என எண்ணிப் பார்க்க அது தூண்டும்.

மூன்றாவது, 1959இல் வெளிவந்த, வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. இம்மலையாளப் புதினம் தமிழிலும் கிடைக்கின்றது. அமைதி நாடித் தலையோலப்பறம்பு வீட்டுக்குத் திரும்பும் எழுத்தாளருக்கு அங்கு வாய்ப்பது, உம்மா, தம்பியர், தங்கையர், குழந்தைகள், கோழிகள், பூனைகள் அனைவரும் சேர்ந்தெழுப்பும் ஆரவாரமே. தங்கை பாத்துமாவின் ஆடோ, அவர் எழுதிய நூல்களையே தின்றுவிடுகின்றது! வீட்டாரின் வறுமையும், ஓயாத பணத்தேவையும், அவற்றூடே ஓடும் பாசமும் நகைச்சுவையாக விரிகின்றன. இடையூறு என நாம் முகஞ்சுளிக்கும் ஒலிகளெல்லாம் வாழ்க்கையின் ஒலிகளே என்பதை இந்நூல்போல் இனிமையாக உணர்த்துவது பிறிதொன்று நாம் அறியோம். பணி நடுவே மழலை கதவைத் தட்டுங்கால் சினம் எழுமாயின், அன்றிரவே இதில் பத்துப் பக்கம் படிக்க.

நான்காவது, நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் 1938இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?' என்னும் புதினம். தமிழில் புதினம் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி எனப் போற்றப்படும் இவ்வம்மையார், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றதில்லை. எனினும், வீட்டிலிருந்தவாறே கற்றுத் தேர்ந்து அவர் யாத்த நூலுக்கு மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார் எனில், அவர்தம் தமிழின் தகுதி விளங்கும். பெரும்பட்டமும் கணினியும் இணையமும் பெற்றிருக்கும் இக்காலத்தார், இந்நூலைக் கையிலெடுக்கும்போது தம் வசதிகளைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. நம் சமுதாயப் பெரியோரும், திறமிருந்தும் வாய்ப்பின்றி அடுக்களையிலேயே அமைந்துவிட்ட ஜுனைதாக்கள் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பாராக.

இவற்றைப் படிக்கும் முறை பற்றியும் ஒரு சொல். நாள் முழுதும் திரையை நோக்கியவர், மீண்டும் தனித்தமர்ந்து படித்தலினும், மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே வீட்டார் நடுவிலமர்ந்து உரக்கப் படித்தல் நன்று. படிப்பவர் நாள்தோறும் மாறட்டும். ஒருநாள் தாயும், ஒருநாள் தங்கையும் படிக்கட்டும். பிறர் படிக்கும் நாளில் தேநீர் கலந்து வருவது மைந்தர் பொறுப்பாகட்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கட்கு இறையருளிய முதற்கட்டளை ஓதுவது பற்றியதே. அது இறங்கியதோ ஹிராக் குகையின் தனிமையில். ஆயினும், அத்தனிமையினின்றும் நடுக்கத்தோடு திரும்பிய அண்ணலார் நாடியது இல்லத்தையன்றோ? அங்கு அவர்தம் சொல்லைக் கேட்டு ஆறுதல் நல்கியவர் அன்னை கதீஜா (ரலி) அவர்கள்.

தனிமையில் கற்றது வீட்டாரோடு பகிரப்படுங்கால்தான் கல்வி நிறைவெய்துகின்றது. நம் மாணவரின் இல்லங்கள் பணியிடங்களாக மட்டும் சுருங்கிவிடாது, அனைவரும் கற்கும் கூடங்களாகவும் விரிய வல்ல இறைவன் அருள்புரிவானாக!