மஞ்சள் எடுக்காது

'எடுக்காது' என்று நம் வீடுகளில் ஒரு சொல் புழங்குகிறது. துணிக்கடையில்தான் அது அதிகம் கேட்கும். "கறுப்புப் பிள்ளைக்கு மஞ்சள் எடுக்காதுடி, இந்தச் சந்தனக் கலர எடுத்துக்கோ" என்பார் பெரியம்மா. திட்டுவதில்லை, அன்பாகத்தான் சொல்வார். அன்பாகச் சொன்னதாலேயே அது இன்னும் ஆழமாக இறங்கியது. பள்ளி முடிக்கும்வரை என் அலமாரியில் சந்தனம், சாம்பல், வெளிர் ரோஜா தவிர வேறு நிறமில்லை.

பிறகு ஸ்கூடாயில் பொறியியல் படிக்கப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் நைஜீரிய முதுகலை மாணவர்கள் குடும்பத்தோடு நடந்து போவார்கள். அந்தப் பெண்களின் நிறம் என்னுடையதைவிட அடர்த்தி. உடையோ எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, பளீர் நீலம். தலைக்கட்டும் அதே துணியில். மஞ்சள் அவர்களுக்கு நன்றாகவே எடுத்தது. அவர்கள் கடந்து போனதும் சில தமிழ் மாணவர்கள் 'ஆவாங் ஹீத்தாம்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். நம்மை யாராவது 'கெலிங்' என்றால் கொதிப்பவர்கள்தான் அவர்களும். சந்தனக் கலரும் அந்தச் சிரிப்பும் ஒரே இடத்திலிருந்து வருவதாக எனக்குப் பட்டது. அந்தத் துணியைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

பொதுப்பெயர் வாக்ஸ் பிரிண்ட். நைஜீரியர்கள் அங்காரா என்பார்கள். அதன் கதை நம் பக்கத்து வீட்டில் தொடங்குகிறது. ஜாவா பாத்தேக்கில் மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது. 19ஆம் நூற்றாண்டில் டச்சு ஆலைகள் அதை இயந்திரத்தில் செய்து பார்த்தன. மெழுகுக்குப் பதில் பிசின். பிசின் வெடித்த இடங்களில் சாயம் கசிந்து, துணியில் மெல்லிய நரம்புகள்போல ஓடியது. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தத் துணி வேரூன்றிவிட்டது. நெதர்லாந்தின் ஹெல்மொண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதை அச்சடிக்கிறது.

அப்படியென்றால் இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? சந்தையில். டோகோ நாட்டின் லோமே நகரில் இந்தத் துணி வியாபாரத்தில் பெண்கள் கோலோச்சினார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்கு உயர்ந்ததால் அவர்களுக்கு 'நானா பென்ஸ்' என்றே பெயர். ஆலையிலிருந்து வந்த டிசைன்களுக்கு விற்கிறவர்களும் கட்டுகிறவர்களும்தான் பெயர் வைத்தார்கள். கூண்டிலிருந்து பறவைகள் வெளியேறும் ஒரு டிசைனுக்குப் பெயர், 'நீ வெளியே போனால் நானும் போவேன்'. கணவனிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை மனைவி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம்.

இதைவிட என்னை ஆட்டிப் பார்த்தது இன்னொரு துணி. நைஜர் நதியின் கழிமுகத்தில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் போற்றும் துணிகளில் ஒன்று இஞ்சிரி. மதராஸ் பக்கத்து நெசவாளர்கள் கைத்தறியில் நெய்து, 'மதராஸ் கைக்குட்டை' என்ற வணிகப் பெயரில் கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிதான் அது. கலபாரிப் பெண்கள் அதை வாங்கி அப்படியே கட்டுவதோடு நிற்கவில்லை. ஊசியால் இழையைத் தூக்கி, பிளேடால் வெட்டி, ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள். மிஞ்சிய இழைகளில் புதிதாக ஒரு வடிவம் எழும். இதற்கு அவர்கள் மொழியில் 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். வெட்டிய இழைத் துணி என்று பொருள். அதன்பிறகு அது கலபாரித் துணி.

இது எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் என் வேலை. கூலிமில் ஒரு வேஃபர் தொழிற்சாலையில் இருக்கிறேன். சில இடங்களை ஒரு படலத்தால் மூடிவிட்டு, மூடாத இடங்களை அரித்து எடுப்போம். எடுத்தது போக மிஞ்சுவதுதான் சர்க்யூட். பாத்தேக்கும் இதே கணக்குதான். உள்ளே வேலை செய்யும்போது தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் எல்லாரும் ஒரே ஆள்தான். அதனாலோ என்னவோ, வெளியே வந்தால் என்ன போடுவது என்ற கேள்வி எனக்கு அற்பமாகத் தெரியவில்லை.

டோன்யே எரெகோசிமா, ஜோவான் ஐகர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கலபாரித் துணியை ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒன்று ஒரு சமூகத்துக்குச் சொந்தமாவதை நான்கு படிகளாகச் சொன்னார்கள்: தேர்ந்தெடுப்பது, பெயர் வைப்பது, வாழ்க்கையில் இடம் கொடுப்பது, உருமாற்றுவது. அவர்கள் பேசியது ஒரு சமூகத்தைப் பற்றி. நான் அதை என் அலமாரிக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆன்லைனில் ஆறு கெஜம் அங்காரா வாங்கினேன். மஞ்சளில் நீல வட்டங்கள். அதற்கு நான் வைத்த பெயர் 'எடுக்கும்'. முதலில் ஒரு சட்டை தைத்து, பாத்தேக் போடும் வியாழக்கிழமையன்று வேலைக்குப் போட்டுக்கொண்டு போனேன். "பாத்தேக் மானா நி?" என்று மலாய்த் தோழி கேட்டாள். ஜாவாவில் புறப்பட்டு ஹாலந்து, லோமே எல்லாம் சுற்றி வந்த பாத்தேக் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடினமானது நான்காவது படி. தலைக்கட்டைக் கட்டிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, ஆனால் மாறுவேடப் போட்டிக்குப் போவதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன். உப்பிய கையை எடுத்தேன். நீண்ட பாவாடையையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரு ரவிக்கை. அம்மாவின் பழைய கருநீலப் பருத்திச் சேலைக்கு அதைப் போட்டபோதுதான் கண்ணாடியில் எனக்குத் தெரிந்த ஆள் நின்றாள். பாணி என்றால் நிறையச் சேர்ப்பது என்றுதான் பேஷன் பக்கங்கள் சொல்கின்றன. எனக்கு அது உருவி எடுக்கும் வேலையாகவே இருந்தது. எந்த இழையை விடுவது என்பதைத்தான் இன்னொருவரிடம் கேட்க முடியாது.

சித்தி மகன் கல்யாண விருந்தில் ஓர் உறவினர், "என்னம்மா, ஆப்பிரிக்காக்காரி மாதிரி வந்திருக்கே" என்றார். குறையாகத்தான் சொன்னார். "அவங்க துணிதான் மாமா, நல்லா இருக்குல்ல?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற பதின்மூன்று வயது உறவுக்காரப் பெண், என்னைவிடக் கறுப்பு, ரவிக்கையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்தத் துணி மிச்சம் இருக்கா?"

இரண்டு கெஜம் இருந்தது.