ஏழு நிமிடத்து டீசல்

ஓசூர், 15 அக்டோபர் 2012, திங்கள்

இன்றைக்கு நான்கு தடவை கரண்ட் போனது. நான்கு தடவையும் ஜென்செட்டை ஓடவிட்டு, மெஷினை ஆன் செய்து, எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றோம். அதன் பட்டனை அழுத்தியதிலிருந்து புரோகிராம் அனுப்பும் சாஃப்ட்வேர் திறக்கும்வரை செல்போனில் நேரம் பிடித்தேன். 6 நிமிடம் 50 விநாடி. போன மாதம்தான் டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது. வி.எம்.சி. மெஷின் சும்மா நிற்க, வெளியே ஜென்செட் மட்டும் ஓடும் சத்தம் வயிற்றைப் பிசைகிறது.

அச்சு (மோல்டு) வேலைக்கான நீளமான புரோகிராம் எங்கள் மெஷினின் மெமரியில் அடங்காது. சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் அணைந்துவிடுகிறது; யு.பி.எஸ். பேட்டரி வீங்கிப்போய்விட்டது, புதியதற்குக் கடையில் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த மின்வெட்டில் ஊரே பேட்டரி கேட்கிறது.

“கம்ப்யூட்டர் பழசு சார், மாத்திடுங்க” என்றான் ஆபரேட்டர். பாகலூர்ப் பையன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னிடம் தமிழ். மாற்றலாம்தான். ஆனால் இந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியை விட்டு நகராது.

16 அக்டோபர், செவ்வாய்

சாயங்காலம் ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்தேன். மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஃபைல் காப்பிக்கு எதற்கு அத்தனை உழைப்பு?

டிவைஸ் மேனேஜரில், ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கும் பிரைமரி ஐ.டி.இ. சேனலைத் திறந்து பார்த்தேன். ‘டி.எம்.ஏ. இருந்தால்’ என்றுதான் செட்டிங் இருக்கிறது. ஆனால் கீழே, இப்போது ஓடும் முறை பி.ஐ.ஓ. என்று காட்டுகிறது. டி.எம்.ஏ.வில் ஹார்டு டிஸ்க் தரவை நேரே மெமரியில் கொண்டு சேர்க்கும். பிராசஸர் தன் வேலையைப் பார்க்கும். பி.ஐ.ஓ.வில் ஒவ்வொரு சுமையையும் பிராசஸரே தூக்கி வைக்க வேண்டும். அதன் உச்சமே விநாடிக்கு 16.6 மெகாபைட். இந்த டிஸ்க்கின் இணைப்போ 100 வரை தாங்கும்.

ஏன் இறங்கியது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தாலோ, தரவு பிழையாக வந்தாலோ எக்ஸ்பி கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆறு தடவைக்கு மேல் போனால் வேகத்தை ஒரு படி இறக்கும். அப்படியே இறங்கி இறங்கி பி.ஐ.ஓ.வில் வந்து நிற்கும். பிறகு பிழையே வராவிட்டாலும் தானாக மேலே ஏறாது. ஈவென்ட் வியூவரில் ஜூலை முழுக்க அந்தத் தாமதப் பதிவுகள். வயசாகிவிட்டது என்று மூன்று மாதமாக நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

20 அக்டோபர், சனி

ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்யும் சாக்கில் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்தோம். பிளோயர் அடித்ததும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்த தூசி கட்டியாக உதிர்ந்தது. டிஸ்க்குக்குப் போகும் பட்டை கேபிள், கனெக்டருக்குப் பக்கத்தில் தகட்டு விளிம்பில் அழுந்தி, மேல்தோல் கிழிந்து செம்பு பளபளத்தது. 80 கம்பி கேபிள். அதில் பாதி கம்பிகள் இடையிடையே எர்த்தாக ஓடி இரைச்சலைத் தடுப்பவை. கடைவீதியில் பழைய ஸ்டாக்கில் ஒன்று கிடைத்தது. நீல முனையை மதர்போர்டிலும் கறுப்பு முனையை டிஸ்க்கிலும் ஆபரேட்டர் தம்பியே செருகினான்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் பிரைமரி சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டெடுத்து, பழைய பிழைக்கணக்கை மறந்துவிட்டது. இப்போது காட்டும் முறை அல்ட்ரா டி.எம்.ஏ. 5. செகண்டரி சேனலில் சிடி டிரைவைக் கழற்றி வருஷமாகிறது. இல்லாததைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாமென்று ‘ஆட்டோ டிடெக்‌ஷன்’ என்பதை ‘நன்’ ஆக்கினேன். அதில் மிச்சம் சில விநாடிதான்.

1 நிமிடம் 55 விநாடி. நம்பிக்கை வராமல் மூன்று தடவை ஆன் செய்து பார்த்தோம்.

23 அக்டோபர், செவ்வாய்

வி.எம்.சி.க்குச் சந்தனம், குங்குமம், வாசலில் பூசணிக்காய். கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு, தம்பிதான் வைத்தான்.

பொரி கட்டிக்கொண்டு கிளம்பும் முன் ஒரு பழைய ஜாப் ஷீட்டைத் திருப்பி, நான் செய்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னான். அத்திப்பள்ளியில் அவன் அக்கா வீட்டுக்காரர் வேலை செய்யும் பட்டறையிலும் இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர் தவழ்கிறதாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவருக்குப் படிக்க வருமென்று கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டான். கேபிளை முதலில் பார் என்ற வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.