கிரெமோனாவில் ஒரு காகிதக் கட்டு

என் அத்தை பிள்ளைக்கு மரவேலையில் பித்து. ஆறு மாதம் ராப்பகலாக உழைத்து ஒரு மாண்டலின் செய்தார். நாம் கடையில் பார்க்கும் எட்டுத் தந்தி மாண்டலின் அல்ல, யு. ஸ்ரீநிவாஸ் வாசித்தாரே, ஐந்து தந்தி மின்சார மாண்டலின், அதுவும் அல்ல. இத்தாலியில் முந்நூறு வருஷத்துக்கு முன் இருந்த ‘மாண்டலினோ’. பாதிப் பேரிக்காய் போன்ற வடிவம். குழந்தை மாதிரி மடியில் அடங்கிவிடும். எங்கேயோ கிடைத்த படத்தைப் பார்த்துச் செய்து, எஃகுத் தந்தி பூட்டி, சுருதி கூட்டி, ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டுப் படுத்தார். நடு ராத்திரியில் ‘படீர்’ என்று ஒரு சத்தம்! அத்தை அலறிக்கொண்டு எழுந்தாள். போய்ப் பார்த்தால் குதிரை பெயர்ந்து, மேல் பலகையில் ஒரு சிராயையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது.

“அளவெல்லாம் சரியாகத்தானே இருந்தது?” என்று புலம்பினார். அதற்குப் பதில் எனக்குக் கிரெமோனாவில்தான் கிடைத்தது.

மிலான் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். வழியெல்லாம் தட்டையான வயல்வெளி, தூங்கினாலும் நஷ்டமில்லை. ஊருக்குள் நுழைந்ததும் ‘டொராட்ஸோ’ என்ற செங்கல் மணிக்கூண்டு 112 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. தெருவுக்குத் தெரு பிடில் பட்டறை. மொத்தம் நூற்றுக்கு மேல்! ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கொடியில் துணி உலர்த்துவது போல் பிடில்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். தேனும் பாதாமும் சேர்த்துச் செய்யும் ‘டொரோனே’ இந்த ஊர்ப் பண்டம். நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். பல்லை மட்டும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடில் மேதை ஸ்ட்ராடிவாரி வாழ்ந்த ஊர் இது. அவர் மாண்டலினும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1680-ல் செய்த ஒன்று இப்போது அமெரிக்காவில், தெற்கு டகோட்டாவின் வெர்மிலியன் என்ற சிற்றூரில், தேசிய சங்கீதக் காட்சிசாலையில் இருக்கிறது. கிரெமோனாவில் இருப்பதோ அதைவிட அபூர்வம்: அவருடைய பட்டறைச் சாமான்கள். 2013-ல் திறந்த பிடில் காட்சிசாலையில் கூட்டமெல்லாம் பிடில்களைச் சுற்றித்தான். நீங்கள் அங்கே நின்று நேரத்தைப் போக்காமல் நேரே காகிதங்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். ரவிக்கைக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டி வைப்போமே, அதே சமாசாரம்தான்! பிடில், வீணைக்கு அண்ணன் தம்பி போன்ற லூட், மாண்டலின் எல்லாவற்றுக்கும் மாதிரிகள். பழுப்பேறிய தாளில் கவராயத்தின் ஊசி குத்திய துளைகூட அப்படியே இருக்கிறது.

இவை பிழைத்த கதையைக் கேளுங்கள். ஸ்ட்ராடிவாரி 1737-ல் காலமானார். மகன் பாவ்லோ ஜவுளி வியாபாரி. தகப்பனாருடைய பொருள் எதுவும் கிரெமோனாவில் மிஞ்ச வேண்டாம் என்றே எழுதி, எல்லாவற்றையும் 1775-76-ல் கோட்ஸியோ என்ற பிரபுவுக்கு விற்றுவிட்டார். ஊர் மேல் என்ன கோபமோ! கை மாறிக் கை மாறி, 1920-ல் ஜுஸெப்பெ ஃபியோரினி என்ற வாத்தியச் சிற்பி ஒரு லட்சம் லீராவுக்கு அவற்றை வாங்கினார். இந்தக் கலைக்கு இத்தாலியில் ஒரு பள்ளி வேண்டும் என்பது அவர் கனவு. 1930-ல் அத்தனையையும் ஊருக்கே தானமாகக் கொடுத்தார். பள்ளி வந்தது 1938-ல். ஃபியோரினி 1934-லேயே கண்ணை மூடிவிட்டார்.

சரி, குதிரை ஏன் பெயர்ந்தது? பழைய மாண்டலினோவுக்கு ஆட்டுக்குடல் நரம்புத் தந்தி. ஐந்து ஜோடி அல்லது ஆறு ஜோடி. குதிரையை மெல்லிய மேல் பலகையில் ஒட்டி, தந்தியை அதிலேயே முடிந்துவிடுவார்கள். இழுப்பு முழுவதும் அந்தப் பசையின் தலையில்! பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ்காரர்கள் உலோகத் தந்தி பூட்டியபோது, தந்தியை வாத்தியத்தின் அடியில் கட்டினார்கள். குதிரையை ஒட்டாமல் சும்மா நிறுத்தினார்கள். பலகையையும் குதிரைக்குப் பின்னால் சற்று மடித்துவிட்டார்கள். சுருதியும் வேறு. நேப்பிள்ஸ் மாண்டலினில் தந்திக்குத் தந்தி ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் எவ்வளவோ அவ்வளவு தூரம். பழையதில் பெரும்பாலும் மத்யமத் தூரம்தான். அத்தை பிள்ளை முன்னதற்குப் பின்னதன் தந்தியைப் பூட்டிவிட்டார். வெளிவடிவத்தின் அளவு சரியாக இருந்து என்ன செய்ய?

ஆகவே உங்கள் வீட்டில் யாராவது இந்த ஆசையில் இறங்கினால் வெறும் படத்தை நம்ப விடாதீர்கள். நியூரம்பெர்க், பாரிஸ் காட்சிசாலைகள் பழைய வாத்தியங்களை அளந்து வரைந்த படங்களை விலைக்குத் தருகின்றன. பலகையின் கனம் இடத்துக்கு இடம் குறித்திருக்கிறதா, தந்தி எதனால் ஆனது என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நகல் எடுத்த தாளாக இருந்தால் அதிலுள்ள அளவுகோலை ஸ்கேல் வைத்துச் சரிபார்ப்பது அவசியம். நகல் யந்திரம் சத்தமில்லாமல் சுருக்கிவிடும்.

அத்தை பிள்ளை மறுபடி ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை நைலான் தந்தி. மேல் பலகை பாதி ஆகியிருக்கிறது. ஊஞ்சலில் வைக்க மட்டும் அத்தை இன்னும் அனுமதி கொடுக்கவில்லை.