பதினைந்து நாள் பார்த்தபின்

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் இல்லத்தில் உடற்குறையுள்ள குழந்தை இருப்பின், பெற்றோர் கவலை இரட்டிப்பாகும். சொந்த ஊரெனில் பாட்டியும் அத்தையும் கைமாற்றிக் கொள்வர். இங்கே அண்டை வீட்டார் அன்புடையவரே. ஆயினும் குழந்தை அறிந்த மொழி அவர் அறியார்.

புனே ஔந்தில் வசிக்கும் எங்களுக்கும் இந்நிலை வாய்த்தது. மூளை முடக்குவாதத்தால் நடக்கவும் பேசவும் இயலாத எங்கள் மகளுக்கு வயது எட்டு. அவளைத் தூக்கி இறக்கியே இல்லாளின் இடுப்பு நொந்தது. இனிப் பாரம் தூக்கலாகாது என்றார் மருத்துவர். ரயில்வே எழுத்தருக்கு விடுப்பும் அளவோடுதான். பகற்பொழுதுக்கு ஒரு துணை அமர்த்துவதன்றி வேறு வழியில்லை.

ஆளனுப்பும் நிலையங்கள் சான்றிதழ் பல காட்டுகின்றன. ஆனால் காகிதமா குழந்தைக்குச் சோறூட்டப் போகிறது? ஆகவே முன்பணம் தராமல், வாரக் கூலிக்குப் பதினைந்து நாள் பார்ப்பது, ஒவ்வாவிடில் மனக்கசப்பின்றிப் பிரிவது என்று எழுத்திலேயே பேசிக்கொண்டோம்.

முதல் நிலையத்திலிருந்து பதினைந்து நாளில் நால்வர் மாறி மாறி வந்தனர். ஒருவர் குழந்தையை மல்லாத்திக் கஞ்சி புகட்டினார். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இதனால் உணவு மூச்சுக்குழலில் புகுந்துவிடக்கூடும். தலையும் முதுகும் நிமிர அமர்த்தியே ஊட்டவேண்டும். எடுத்துச் சொன்னோம். மறுநாள் வந்த வேறொருவரும் அவ்வாறே செய்தார். கெடு முடிந்ததும் நிறுத்திவிட்டோம்.

அடுத்து வந்தவர் நடுவயது மராட்டிய அம்மையார். "இவளுக்குப் பசித்தால் எப்படித் தெரியும்?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. பசி, தண்ணீர், வலி, போதும் எனச் சில தமிழ்ச் சொற்களைத் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தோம். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். இருமுறை நேரம் தவறி வந்தது உண்மை. எனினும் அச்சமுற்றால் விறைக்கும் எங்கள் மகளின் கைகால்கள், பத்தாம் நாள் அவர் உடைமாற்றுகையில் தளர்ந்து கிடந்தன. வாய்பேசாப் பிள்ளை தந்த நற்சான்று அது. அவரையே அமர்த்தினோம்.

நம் அன்பர்களுக்குச் சொல்ல விழைவது இதுவே: சோதனைக் காலத்தில் நாள்தோறும் ஒரே ஆள் வருகிறாரா, ஊட்டுவதும் தூக்குவதும் எவ்வாறு, அறிவிக்காது வீடு திரும்பினால் காண்பது என்ன, பிள்ளையின் உறக்கமும் பசியும் எப்படி என்பவற்றை அன்றன்று குறித்து வையுங்கள். தாட்சண்யத்தால் கெடுவை நீட்டாதீர்கள்.

அரசின் துணையையும் அறிதல் நலம். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில், மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகை ஊனம் உடையோர் சேரலாம். மத்திய அரசின் ஆணை, இத்தகைய பிள்ளைகளைப் பேணும் ஊழியர்க்கு, நிர்வாகத் தேவைக்கு உட்பட்டு, வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்களிக்கிறது. பழகிய இடமும் பழகிய கைகளும் அப்பிள்ளைகட்கு மருந்தினும் குறைந்தவையல்ல என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது. அக்கைகளைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்து நாள் பொறுத்தல் மிகையன்று.