போர் தண்ணீர், நாரத்தை இலை, ஒரு கப் கிரீன் டீ

சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்ப் பெயர்களிலேயே பூ வாசம் வீசும். பூவிருந்தவல்லிதான் மக்கள் வாயில் பூந்தமல்லி ஆனது. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் பூத்தொண்டு செய்ததாகச் சொல்லப்படும் திருக்கச்சி நம்பிகளின் ஊர் அது. வடக்கே கொஞ்சம் தள்ளினால் திருமுல்லைவாயல். தொண்டைமான் ஏறிவந்த யானையின் காலைச் சுற்றிக்கொண்ட முல்லைக்கொடிதான் அந்த ஊருக்குப் பெயர் தந்தது என்கிறது தலபுராணம்.

இன்றைக்கு மின்சார ரயிலில் போய் பட்டரவாக்கத்தில் இறங்குகிறவரின் மூக்கில் முதலில் ஏறுவது பூ வாசம் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் மெஷின் ஆயில், வெல்டிங் புகை, லாரி டீசல். எல்லாவற்றுக்கும் நடுவில், டீக்கடையை நெருங்கும்போது மட்டும், சட்டென்று நறுக்கிய எலுமிச்சையின் வாசம் வரும். பால் டீக்குப் பக்கத்திலேயே லெமன் டீக்கும் இங்கே ஒரு வரிசை உண்டு. லேத் பட்டறையில் நிற்பவரும், எதிர்ப்புறம் ஐ.டி. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே பாய்லர் முன்னால்தான் கிளாஸை நீட்டுகிறார்கள்.

அந்த வரிசையில் கொஞ்ச காலமாக ஒரு புதுக் குரல் கேட்கிறது. "மாஸ்டர், கிரீன் டீ இருக்கா? சர்க்கரை வேணாம்."

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்றது. ஒரு ஷிஃப்டுக்கு மூன்று, நான்கு சர்க்கரை டீ குடித்துப் பழகிய பேட்டை இது. டாக்டர் 'சர்க்கரையைக் குறைங்க' என்றதும், வீட்டில் ஒரு கிரீன் டீ பெட்டி வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் காலை நடை முடித்துத் திரும்பும் பலருக்கும் அதே பெட்டிதான்.

ஆனால் அந்தப் பெட்டி பாதியிலேயே நின்றுவிடுவதுதான் பல வீடுகளின் கதை. 'ஒரே கசப்பு. கஷாயம் மாதிரி இருக்கு' என்பார்கள். உண்மையில் அது கஷாயமாகத்தான் ஆகியிருக்கும். ஏனென்றால் நாம் அதைக் கஷாயம் வைப்பதுபோலக் கொதிக்கவிட்டிருப்போம்.

நம் ஊர் டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையைக் கசக்கி, காற்றுப் பட்டுக் கறுக்கவிட்டால் சாதா டீ. பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ வாட்டி, கறுக்காமல் நிறுத்திவிட்டால் கிரீன் டீ. கறுத்த தூள் கொதியைத் தாங்கும். பாலும் சர்க்கரையும் அதற்குத் துணைக்கு வரும். பச்சை இலை தாங்காது. கொதிக்கும் நீரில் போட்டால் துவர்ப்பும் கசப்பும் மொத்தமாக இறங்கிவிடும். அதற்கு ஏற்ற சூடு 75 முதல் 80 டிகிரி.

அதற்காகத் தெர்மாமீட்டர் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. டபரா செட் இருக்கிற வீட்டில் அந்த வித்தை ஏற்கெனவே இருக்கிறது. காபியை ஆற்றுகிற அதே கையால், வெறும் வெந்நீரை டம்ளருக்கும் டபராவுக்குமாக நாலைந்து முறை ஆற்றினால் கொதி அடங்கி, ஆவி மட்டும் பறக்கும். அந்த நேரத்தில் இலையின் மேல் ஊற்ற வேண்டும். ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் இலை, இரண்டு நிமிடம், உடனே வடிகட்டல். அதே இலையில் இரண்டாம் முறையும் வெந்நீர் ஊற்றலாம். இரண்டாவது கப்தான் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு.

சூடு சரியாகிவிட்டது. அடுத்தது தண்ணீர். இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒருபுறம் புழல் ஏரி, மறுபுறம் செம்பரம்பாக்கம் ஏரி. சென்னையின் தாகத்தைத் தீர்க்கும் இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு, போர் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் காலம் தள்ளும் தெருக்கள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் நிறைய. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, நுரைக்காத சோப்பு, ஓட்டை அடைத்துக்கொண்ட ஷவர்... போர் தண்ணீரின் அடையாளங்களைச் சொல்லி முடியாது.

அந்தத் தண்ணீரில் டீ போட்டு ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பார்த்தால், மேலே மெல்லிய ஏடு ஒன்று படிந்திருக்கும். பால் ஏடு இல்லை. பால் சேர்க்காத டீயிலும் வரும். லண்டன் இம்பீரியல் கல்லூரி வேதியியலாளர்கள் 1990-களில் சாதா டீயை வைத்து இதை ஆராய்ந்தார்கள். கடின நீரில் இருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் சத்துகளோடும் காற்றோடும் சேர்ந்து உருவாக்கும் படலம் அது என்றும், டீயில் அமிலம் சேர்த்தால் அது வராது என்றும் கண்டார்கள். நம் ஊரில் கிடைக்கும் மலிவான அமிலம் எது? எலுமிச்சம்பழம்.

ஆக, அம்பத்தூர் டீ மாஸ்டர் கிளாஸில் பிழியும் அரை மூடி எலுமிச்சை, ருசிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது தண்ணீருக்கும் வைத்தியம் பார்க்கிறது. கிரீன் டீயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். போர் தண்ணீரில் போட்ட கிரீன் டீ பழுப்பேறி மங்கலாக இருக்கும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் நிறம் வெளுத்து, தெளிந்து, இளமஞ்சளாகிவிடும். குழந்தைகளுக்குக் காட்டினால் மேஜிக் என்பார்கள்.

அப்படியானால் கேன் தண்ணீர்தான் நல்லதா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2019-ல் குழாய்த் தண்ணீரிலும் பாட்டில் தண்ணீரிலும் கிரீன் டீ போட்டு ஒப்பிட்டார்கள். உப்புகள் குறைந்த பாட்டில் தண்ணீரில் டீயின் சத்துகள் கூடுதலாக இறங்கின; கசப்பும் கூடியது. ருசி பார்த்தவர்களில் பலருக்குப் பிடித்தது குழாய்த் தண்ணீர் டீதான். அதனால் ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீரில் போடுகிறவர்கள், இரண்டு நிமிடத்தை ஒன்றரையாகக் குறைத்துக்கொள்வது உத்தமம். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால், குடிக்கத் தகுந்ததா என்று பார்த்துக்கொண்டு, நேரத்தை அப்படியே வைத்து எலுமிச்சையைச் சேர்க்கலாம்.

பழத்துக்கு எங்கே போவது? பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே வந்தால், 1996 முதல் இயங்கும் கோயம்பேடு மார்க்கெட். எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு என்று மூட்டையாகவும் பெட்டியாகவும் இறங்கும் இடம். நம் எலுமிச்சையும் வெளிநாட்டு 'லெமன்' என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிரீன் டீ பெட்டியின் மேல் படத்தில் இருப்பது தடித்த தோலுள்ள பெரிய மஞ்சள் பழம். நம்முடையது சிறியது, தோல் மெல்லியது, புளிப்பு தூக்கல். பெட்டியில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து 'ஒரு வில்லை' போட்டால், நம் பழத்தில் அது அதிகமாகிவிடும்.

வாசம் தோலில், புளிப்பு சாற்றில். சிட்ரஸ் டீக்கு இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும். வாசம் வேண்டுமென்றால் தோலின் மேல்பகுதியை மட்டும் மெலிதாகச் சீவி, இலையோடு சேர்த்து ஊறவைக்க வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி வந்துவிட்டால் கசக்கும். புளிப்பு வேண்டுமென்றால் வடிகட்டிய பிறகு சாறு. இலையோடு சேர்த்துச் சாற்றைக் கொதிக்கவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மிஞ்சுவது வெறும் புளிப்புதான். தோலைப் பயன்படுத்துவதற்கு முன்னால் வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சாத்துக்குடித் தோல் மென்மையான வாசம். முதன்முதலில் குடிக்கிறவர்களுக்கு ஏற்றது. கமலா ஆரஞ்சுத் தோலை நிழலில் காயவைத்து, டப்பாவில் போட்டுவைத்தால் மாதக் கணக்கில் வரும். சீனாவின் குவாங்டாங் பக்கம் சின்ன ஆரஞ்சைக் குடைந்து, அதற்குள் டீ இலையை அடைத்துக் காயவைத்து விற்கிறார்கள். இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமட் பழத்தோலின் எண்ணெய்தான் உலகப் புகழ்பெற்ற 'ஏர்ல் கிரே' டீயின் வாசம். எல்லோரும் தோலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

நமக்கோ தோலையும் தாண்டி ஒன்று இருக்கிறது. நாரத்தை இலை. வேப்பிலைக்கட்டி சாப்பிட்டவர்களுக்கு அந்த வாசம் தெரியும். பெயரில்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நாரத்தை இலையும் எலுமிச்சை இலையும். ஆவடி, திருநின்றவூர் பக்கம் தோட்டம் உள்ள பழைய வீடுகளில் ஒரு நாரத்தை மரமாவது எட்டிப் பார்க்கும். அதன் இளம் இலை ஒன்றை நடு நரம்பு நீக்கி, இரண்டாகக் கிழித்து, கிரீன் டீ இலையோடு போட்டு வெந்நீர் ஊற்றினால் புளிப்பே இல்லாத சிட்ரஸ் வாசம் கிடைக்கும். எந்தப் பெட்டி டீயிலும் இது கிடைப்பதில்லை. வயிற்றில் புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை முயலலாம். எலுமிச்சம்புல்லும் இந்த வேலையைச் செய்யும். அது சிட்ரஸ் குடும்பம் இல்லை, புல்தான். ஆனால் எலுமிச்சை வாசம் தரும் சிட்ரால் அதில் ஏராளம்.

பெட்டியாகவே வாங்குகிறவர்கள், பின்பக்கம் உள்ள பொருள்பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சிலவற்றில் காய்ந்த பழத்தோல் இருக்கும். சிலவற்றில் 'ஃப்ளேவர்' மட்டும் இருக்கும். பையைப் பிரித்ததும் வீடெல்லாம் மணந்து, கப்பில் ஒன்றும் தெரியாமல் போனால், அது இரண்டாவது வகையாக இருக்கக்கூடும். வாசமே சேர்க்காத நீலகிரி கிரீன் டீயை வாங்கிக்கொண்டு, பழத்தை வீட்டில் சேர்ப்பது செலவும் குறைவு, ருசியும் கூடுதல். நீலகிரி ஒன்றும் இந்த ஊர்க்காரர்களுக்குத் தூரம் இல்லை. இரவு ஒன்பது மணிவாக்கில் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், அம்பத்தூரையும் ஆவடியையும் தாண்டித்தான் மேட்டுப்பாளையம் போகிறது. ஊட்டி, குன்னூர் போய்வருகிறவர்களிடம் வர்க்கிக்குப் பதிலாக ஒரு பாக்கெட் இலை கேட்கலாம்.

வாங்கிய இலையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டீ இலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். சீனர்கள் இரவில் மல்லிகையையும் கிரீன் டீயையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவின் வாசத்தை இலையில் ஏற்றுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். பூந்தமல்லிப் பூக்காரர்களுக்கு இது புரியும். நம் அடுக்களையிலோ, இலை டப்பா பெரும்பாலும் பெருங்காயத்துக்கும் சாம்பார் பொடிக்கும் நடுவில் இருக்கிறது. பிறகு 'லெமன் டீயில் ஏதோ ரச வாசனை வருதே' என்றால் என்ன செய்வது?

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கும் வருவோம். 2007-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, சிட்ரஸ் சாறு சேர்த்தால் கிரீன் டீயின் கேட்டசின் சத்துகள் செரிமானத்தில் சிதையாமல் அதிகம் மிஞ்சுகின்றன என்றது. எலுமிச்சைதான் அதில் முதலிடம். ஆனால் அது ஆய்வகத்தில், செயற்கைச் செரிமானத்தில் பார்த்தது. மனித வயிற்றில் அல்ல. கிரீன் டீ சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூன்று சர்க்கரை டீக்குப் பதிலாக சர்க்கரையில்லாத இரண்டு கப் குடித்தால், அந்தச் சர்க்கரை உள்ளே போகாமல் இருப்பதே பெரிய லாபம். அதில் ஒரு ஸ்பூன் தேன் விட்டால் அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

இதைவிட முக்கியமானது இரும்புச்சத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். பச்சையோ கறுப்போ, எந்த டீயும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐ.சி.எம்.ஆர். ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்புக்குத் துணைதான். ஆனால் அதை நம்பி டிஃபன் பாக்ஸோடு கிரீன் டீயைத் திறக்க வேண்டாம். அந்த எலுமிச்சையைக் கீரைப் பொரியலில் பிழிந்தால் இன்னும் நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கிரீன் டீ தொடங்க வேண்டும். கொழுப்பு, ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, பம்பளிமாஸோடு ஒத்துப்போகாது.

ஏப்ரல், மே மாதங்களில் அம்பத்தூரில் தகரக் கூரைக்குக் கீழே சூடாக எதையும் குடிக்க முடியாது. அப்போதைக்கு அடுப்பே வேண்டாம். ஒரு லிட்டர் நல்ல குடிநீர், நான்கு டீஸ்பூன் கிரீன் டீ, ஒரு சாத்துக்குடியின் சீவிய தோல், ஒரு நாரத்தை இலை. ராத்திரி தூங்கப் போகும்முன் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் வடிகட்டிக்கொள்ளலாம். குளிர்ந்த நீரில் கசப்பும் கஃபைனும் குறைவாகவே இறங்கும். இனிப்புச் சாயல் தெரியும். முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, ஐஸ் பையோ ஃபிளாஸ்கோ இல்லையென்றால், பதினொரு மணி டீ பிரேக்குக்குள் குடித்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றை மட்டும் முன்கூட்டியே ஊற்ற வேண்டாம். அரை மூடியைத் தனியாக எடுத்துப் போய், குடிக்கும்போது பிழிந்துகொள்ளலாம்.