வண்ணமும் விட்டமும்

பழைய மோட்டார் வண்டியைக் காண்பவர் முதலில் அதன் வண்ணத்தைப் பார்க்கிறார். பின்பு யந்திரத்தின் ஓசையைக் கேட்கிறார். அவ்வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் பழைய வண்டிகள் பல அழியத் தொடங்குவது யாரும் குனிந்து பாராத அந்த இடத்திலேதான்.

தோட்டத்துக் கிராணியாகிய எனக்கு என் தந்தையார் வைத்துச் சென்ற சொத்து ஒரு மோரிஸ் மைனர் கார். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் பொறியறிஞர் வகுத்த இவ்வகைக் கார், 1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. மலாயாவின் சாலைகளிலும் ஒரு காலத்தில் அது பழகிய காட்சியே.

அதற்கு முந்திய கார்கள் பலவற்றில், கீழே இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் ஓடும். உடல் அவற்றின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். உடல் துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். மைனருக்கோ அத்தகைய தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து இணைத்த உடலே அதற்கு எலும்பும் தோலும். அந்த உடலின் வலிமையிற் பெரும்பங்கு, கதவுகளுக்கு அடியில் இருபுறமும் ஓடும் உள்ளீடற்ற விட்டங்களைச் சார்ந்தது.

அவ்விட்டங்களின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. செம்மண் சேறு அவற்றை அடைத்துவிட்டால், மழைநீர் உள்ளேயே தங்கிவிடும். இரும்பானது நீரோடும் பிராணவாயுவோடும் கூடித் துருவாகும்போது பருத்துவிடுகிறது. அப்பருமன் தகடுகளின் இணைப்பை நெம்பிப் பிளக்க, பிளவின் வழியே மேலும் நீர் புகுகிறது. வெளியே வண்ணத்தில் ஒரு கொப்புளம் எழும்போது, உள்ளே பெரும்பாகம் அரித்துப் போயிருக்கக் கூடும்.

விட்டம் வலுவிழந்தால் வண்டியின் நடுப்பாகம் தாழும். கதவின் முன்னும் பின்னும் நிற்கும் தூண்கள் தலைப்பில் நெருங்கும், கதவு உரசும். என் காரின் கதவு உரசியபோது, ஒரு பட்டறையில் அதன் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மீண்டும் உரசிற்று. குற்றம் கதவினுடையதா? அஸ்திவாரம் இறங்கிய வீட்டில் கதவைச் செதுக்கிக்கொண்டிருப்பது அறிவுடைமையாகுமா?

இந்நிலையில் என் தங்கையின் திருமணம் நிச்சயமாயிற்று. மணப்பெண் அக்காரிலேயே செல்ல வேண்டுமென்பது எல்லோர் விருப்பமும். கையிலிருந்த பணமோ புதுவண்ணம் பூசப் போதும், அல்லது விட்டங்களை மாற்றப் போதும், இரண்டுக்கும் போதாது.

“ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துப் பளபளவென்று வண்ணம் அடித்துவிடு, தம்பி! அடியில் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றார் என் மாமா.

“பார்ப்பவர்கள் சாலையோரத்தில் நிற்பார்கள், மாமா. உள்ளே உட்காரப் போகிறவள் தங்கையல்லவா?” என்றேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அங்கிருந்த முதியவர் தகட்டை அறுக்க அவசரப்படவில்லை. முதலில் நடுப்பாகத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்தினார். கதவிடைவெளி சரியானதும், கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து அந்நிலையைக் காத்தார். பிறகே ஒருபுறத்து விட்டத்தை அறுத்துப் புதியதைப் பொருத்தினார். அது முடிந்த பின்னரே மறுபுறத்தைத் தொட்டார். “தொய்ந்தபடியே பற்றவைத்தால் கோணல் நிலைத்துவிடும், தம்பி. அப்புறம் எந்தக் கதவும் பொருந்தாது,” என்றார். இறுதியில் வடிதுளைகளைத் திறந்து, விட்டத்தின் உட்புறமெங்கும் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினார்.

என் தங்கை மங்கிய பச்சை வண்டியிலேயே மணமண்டபம் சென்றாள். பழைய வண்ணத்தைக் கண்டு சிலர் நகைத்தனர். கதவு ஒரே தொடுதலில் மூடிக்கொண்டதை எத்தனை பேர் கவனித்தனரோ!

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே! வண்டியைத் துடைக்கும் நாளில், அடியிலுள்ள வடிதுளைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கதவு உரசினால் கதவைப் பழிக்காதீர்கள். தாங்கும் இரும்பைத் தட்டிப் பாருங்கள். வண்ணத்துக்குச் செலவிடும் பணம் ஊராரின் கண்ணுக்கு. விட்டத்துக்குச் செலவிடும் பணம் உள்ளே இருப்பவரின் உயிருக்கு. எது முந்த வேண்டுமென்பதை நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.